சிவப்பில் அச்சிட்ட தேதி

நாளை மறுநாள் விடுமுறை.
மூன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவு
இன்றே பாதி காலி, மனசளவில்.
கரும்பலகையில் எழுதுகிறேன்:
உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள்.
'நன்றி'க்கு வரும்போது
சுண்ணக்கட்டி முறிகிறது.

சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன்.
உழைப்பை மதிக்க, விளைச்சலைக் கொண்டாட,
ஒருவருக்கொருவர் நன்றி பாராட்ட.
போருக்கு முன் இதே நாள்
அரண்மனையில் புத்தரிசிப் படையல்.
போர் முடிந்தது, பெயர் மாறியது,
தேதி மட்டும் அசையவில்லை,
குடித்தனக்காரர் மாறியும் நிற்கிற வீடு மாதிரி.

"அந்த அரிசி இப்ப எங்க, டீச்சர்?" என்றாள் சுமிரே.
மத்தியானச் சாப்பாட்டில், என்றேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

சன்னலுக்கு வெளியே அரியாகே கடல்,
அதற்கு முன்னால்
மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்.
பாடநூலில் அதற்கு இரண்டு வரி:
நிலக்கரி வந்தது. ஊர் வளர்ந்தது.
மூன்றாவது வரியை
நான் வாயால் சேர்த்தேன்.
முதலில் இறங்கியவர்கள் சிறைக்கைதிகள்.
கூடை சுமந்த பெண்களும் இறங்கினார்கள்.
பிற்பாடு
கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.
அவர்கள் நாட்காட்டியில் எல்லா நாளும் கறுப்பு.

காக்கு கை தூக்கினான்.
"அவங்களுக்கு யாரு நன்றி அட்டை குடுத்தாங்க?"
யாரும் இல்லை.
"இப்பக் குடுக்கலாமா?"
எந்த முகவரிக்கு, என்று கேட்டிருக்கக் கூடாது நான்.
கேட்டுவிட்டேன்.
அவன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அட்டைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு,
தலைமையாசிரியர் தயாரித்தது, வருடா வருடம் அதேதான்:
காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், ரயிலடி.
சினாட்சுவின் அம்மா அதில் இல்லை.
பெந்தோ தொழிற்சாலையில் வேலை அவளுக்கு.
"லீவுன்னா அம்மாவுக்கு ரெண்டு மடங்கு வேலை.
எல்லாரும் மலைக்கு இலை பாக்கப் போவாங்கல்ல,
சாப்பாட்டுப் பெட்டி நிறைய வேணும்."
கேரட்டில் வெட்டிய மேப்பிள் இலை,
பெட்டிக்கு ஒன்று வைக்க வேண்டும்.
நாலு நொடிக்கு ஒரு பெட்டி.

வரலாற்று வகுப்பு கணக்கு வகுப்பானது அப்போதுதான்.
நிமிடத்துக்குப் பதினைந்து.
மணிக்குத் தொள்ளாயிரம்.
எட்டு மணி நேரத்துக்கு
ஏழாயிரத்து இருநூறு இலைகள்.
"ஒரு மலையே!" என்று கத்தினான் யாரோ ஒரு பையன்.
சினாட்சு தலைநிமிர்ந்து உட்கார்ந்தாள்,
ஒரு மலைக்குச் சொந்தக்காரி போல.

இரவு ஏழு ஐம்பது.
ஆசிரியர் அறையில் நானும் ஹீட்டரும்.
வருகைப் பதிவேட்டில், வெளியேறிய நேரம்
நாலே முக்கால் என்று ஏற்கனவே எழுதியாயிற்று.
அப்படி எழுதத்தான் சொல்லியிருக்கிறார்கள்.
எழுதிவிட்டு உட்கார்ந்தவள்தான்,
எழுந்திருக்கவில்லை.

அட்டைகளைப் பிரித்து அடுக்குகிறேன்.
போலீஸ்காரருக்குப் பதினொன்று,
நாலில் தொப்பி தலையைவிடப் பெரிது.
ஓர் அட்டையில் ஆளே இல்லை,
கேரட் நிறத்தில் புள்ளிகள் மட்டும்,
விளிம்பு வரை, பின்பக்கமும்.
அடியில் ஒன்று, எனக்கு.
எழுதியவள் சுமிரே.

'டீச்சர், ராத்திரி நாயைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப
உங்க ரூம் விளக்கு எரியுது.
அது வேலையா, இல்ல
அணைக்க மறந்துட்டீங்களா?'

இரண்டு முறை படித்தேன்.
தமாஷாக ஒரு பதில் தோன்றியது, எழுதவில்லை.
பதிவேட்டைத் திரும்ப எடுத்து
நாலே முக்காலை அடித்தேன்.
கையில் இருந்தது திருத்துகிற பேனா.
எட்டு பத்து என்று எழுதினேன், சிவப்பில்.
துணைத் தலைமையாசிரியர் கேட்பார்.
கேட்கட்டும், நாளை வேலை நாள்தானே.

விளக்கை அணைத்தேன். மறக்கவில்லை.
கைப்பையில் காக்குவின் அட்டை.
பெறுநர் என்ற இடத்தில்
'கீழே' என்று மட்டும் எழுதியிருக்கிறான்.
பஸ் வரும்வரை
அதை எந்தப் பெட்டியில் போடுவதென்று
நின்றுகொண்டிருந்தேன்.